வீட்லயே பேஸ் கிட்டார் செய்றவங்களுக்கு: முதல்ல நெக், அப்புறம்தான் பாடி

பேஸ் செய்யணும்னு உக்கார்ற எல்லாரும் முதல்ல பாடி ஷேப்பத்தான் வரைவாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா சுருதி சேர்றதும் வாசிக்க சுகமா இருக்கறதும் நெக்லயும் அளவுலயும்தான் இருக்கு, அதனால உங்க நேரத்துல பெரும்பங்கு அங்க போகட்டும்.

மொதல்ல ஸ்கேல் லெங்க்த் முடிவு பண்ணுங்க, அதாவது நட்லேர்ந்து (நெக்கோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற சின்ன துண்டு) பிரிட்ஜ் சேடில் (பாடிப் பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு) வரைக்கும் இருக்கற நீளம். 1951ல லியோ ஃபெண்டர் பிரசிஷன் பேஸ் கொண்டு வந்தப்போ வச்ச 34 இன்ச்தான் இன்னிக்கும் பொதுவா எல்லாரும் வைக்கறது, மில்லிமீட்டர்ல 863.6. முதல் தடவைன்னா இதையே வச்சுக்கங்க, பிரிட்ஜ், ஸ்ட்ரிங்னு எல்லாமே இதுக்கு ஏத்த மாதிரி ஈசியா கிடைக்கும்.

மரம் நல்லா காஞ்சிருக்கணும், இதுல சமரசமே வேண்டாம். நாலு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து சுமார் 70லேர்ந்து 80 கிலோ இழுவிசை கொடுக்கும், ஈர மரம்னா அந்த இழுவைக்கு வளைஞ்சு முறுக்கிக்கும். நெக்குக்கு மேப்பிள் மாதிரி கெட்டியான மரம், முடிச்சு இல்லாம, ரேகை நீளவாக்குல நேரா ஓடணும். வாங்கினதும் அறுக்காதீங்க, உங்க ஒர்க்‌ஷாப்லயே சில வாரம் கெடக்கட்டும், அப்புறம் கொஞ்சம் பெருசா அறுத்து மறுபடி சில நாள் விடுங்க, வளையறதெல்லாம் அப்பவே வளைஞ்சிடும். பாடிக்கு ஆல்டர், ஆஷ், மஹோகனி எதுனாலும் சரி, தடிமன் 44 மில்லிமீட்டர் சுமாரா இருந்தா போதும்.

ஃப்ரெட் ஸ்லாட்டுக்கு வருவோம், அதாவது நெக் மேல ஒட்டற ஃபிங்கர்போர்டுங்கற பலகையில ஃப்ரெட் கம்பி அடிக்க அறுக்கற பள்ளம். கணக்கு சுலபம்தான், ஸ்கேல் நீளத்த 17.817ஆல வகுத்தா முதல் ஃப்ரெட் எங்கன்னு வரும், 863.6க்கு அது 48.47. மீதி நீளத்த மறுபடி 17.817ஆல வகுத்தா முதல் ஃப்ரெட்லேர்ந்து ரெண்டாவதுக்கு உள்ள தூரம், இப்படியே போகும், 12வது ஃப்ரெட் சரியா பாதியில 431.8ல வந்து நிக்கணும். ஆனா கணக்க இப்படி போட்டாலும் மரத்துல குறிக்கும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நட்லேர்ந்தே அளந்து குறிங்க. நான் முதல் தடவை ஒரு ஃப்ரெட்லேர்ந்து அடுத்ததுன்னு அளந்துட்டே போனேன், ஒவ்வொண்ணுலயும் முடி அளவு தப்பு, அது கூடிக் கூடி 12வது ஃப்ரெட்ல ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போச்சு, அந்த ஃபிங்கர்போர்டையே தூக்கிப்போட வேண்டியதாச்சு. நட்லேர்ந்தே கூட்டி வந்தா ரெண்டாவது 94.22, அஞ்சாவது 216.63, ஏழாவது 287.22, உங்க கணக்கு இதோட ஒத்துவருதான்னு பாத்துக்கங்க.

ஸ்லாட்ட ஃபிங்கர்போர்டு செவ்வகமா இருக்கறப்பவே அறுத்துடுங்க, ஓரம் சரிவா சீவினதுக்கப்புறம் மூலமட்டம் வைக்க நேரான பக்கமே இருக்காது. ஃப்ரெட் கம்பியோட அடிநாக்குக்கு ஏத்த ரம்பம் வேணும், பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர் சுமாரு, அகலமாயிட்டா ஃப்ரெட் பிடிக்காது.

அடுத்தது ட்ரஸ் ராட், ஸ்ட்ரிங் இழுவைக்கு நெக் எவ்வளவு வளையணும்னு சரிபண்ண நெக்குக்குள்ள வைக்கற கம்பி. உங்க கையில இருக்கற ராட வச்சே பள்ளத்தோட அகலமும் ஆழமும் அளந்து ரவுட்டர்ல (மரத்துல பள்ளம் எடுக்கற மெஷின்) எடுங்க, ஆட்டம் இல்லாம உக்காரணும். இங்க ஒரு கணக்கு போடாம விட்டுடாதீங்க: முதல் ஃப்ரெட் கிட்ட நெக் மொத்தத் தடிமன் 21 மில்லிமீட்டர், அதுல ஃபிங்கர்போர்டு 6, ராட் பள்ளம் 10 போனா பின்னாடி மிச்சம் அஞ்சே மில்லிமீட்டர்தான், பின்பக்கத்த உருட்டும்போது ஆசையா இழைச்சுட்டே போனா ராட் வெளிய வந்துடும். ஒட்டும்போது ராட் மேல மெல்லிசா டேப் போட்டுட்டு பசை தடவுங்க, பசை உள்ள போனா ராட் திரும்பாது. கிளாம்ப் இறுக்கும்போது போர்டு வழுக்கி நகரும், அதனால ரெண்டு மூணு சின்ன ஆணி அடிச்சு தலைய வெட்டி விட்டுட்டா அது எடத்த விட்டு அசையாது. ஒரு நாள் முழுக்க கிளாம்ப்லயே விடுங்க.

பாடில முக்கியமானது நெக் பாக்கெட், அதாவது நெக்கோட அடிப்பக்கம் உக்கார்ற குழி. ஃபெண்டர் மாதிரி போல்ட் வைக்கறதா இருந்தா ஆழம் 16 மில்லிமீட்டர் சுமாரு, டெம்ப்ளேட்ட வரைபடத்துலேர்ந்து செய்யாதீங்க, உங்க நெக்கையே படுக்க வச்சு சுத்தி நேரான கட்டைய ஒட்டி அதையே டெம்ப்ளேட்டா ஆக்குங்க, அப்பதான் இடைவெளி இல்லாம உக்காரும். ரவுட்டர ஒரே தடவையில ஆழமா எறக்காதீங்க, நாலஞ்சு மில்லிமீட்டரா போங்க, மாஸ்க், கண்ணாடி, காதுக்கு மஃப் எல்லாம் கட்டாயம். பாடியோட மேல் கொம்பு 12வது ஃப்ரெட் பக்கம் வரைக்கும் நீண்டா ஸ்ட்ராப் போட்டு நிக்கும்போது நெக் கீழ சாயாது, கொம்ப அழகுக்காக சின்னதாக்கினா தோள்பட்டைதான் வலிக்கும்.

பிரிட்ஜுக்கு ஓட்ட போடறதுதான் எனக்கு இன்னிக்கும் கை நடுங்கற எடம். நெக்க மாட்டிட்டு E ஸ்ட்ரிங், G ஸ்ட்ரிங் போற எடத்துல ரெண்டு நூல இழுத்துக் கட்டிப் பாருங்க, ஃபிங்கர்போர்டு ரெண்டு ஓரத்துலேர்ந்தும் நூல் ஒரே தூரத்துல இருக்கணும், வரைஞ்ச சென்டர் லைன விட நூல நம்புங்க. G சேடில கிட்டத்தட்ட முழுசா முன்னாடி தள்ளி வச்சு அது 863.6ல வர்ற மாதிரி பிரிட்ஜ் எடத்த குறிங்க, தடிச்ச ஸ்ட்ரிங்குக்கு சேடில் சில மில்லிமீட்டர் பின்னாடி போக எடம் வேணும்.

வயரிங் சுலபம், சாதாரண பேசிவ் பிக்கப்புக்கு (ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலா மாத்தற, பேட்டரி வேண்டாத காந்தச் சுருள்) 250 கிலோ ஓம் வால்யூம், டோன் பாட் (திருகற கன்ட்ரோல்), டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், குழி உள்ள காப்பர் டேப், பிரிட்ஜுக்கு அடியில ஒரு கிரவுண்ட் வயர். அந்த கிரவுண்ட மறந்தா ஹம் காத கிழிக்கும்.

ஃப்ரெட் அடிச்சதும் நேரான இரும்பு ஸ்கேல் வச்சு மட்டம் பாருங்க, மேல மார்க்கர் தடவிட்டு நீளமான தட்டை அரத்தால மெதுவா தேய்ச்சா எது தூக்கிட்டு இருக்குன்னு தெரியும், எல்லாத்துலயும் மை அழிஞ்சதும் நிறுத்திட்டு ஒவ்வொரு ஃப்ரெட் தலையையும் மறுபடி உருண்டையாக்கணும். பொறுமையா செஞ்சா ஒரு சாயங்காலம் ஆகும்.

ஸ்ட்ரிங் போட்டு சுருதி சேத்ததும் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒண்ணா அழுத்திப் பாருங்க, நடுவுல ஏழு எட்டாவது ஃப்ரெட் கிட்ட 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா நல்லது. ராட ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல திருப்பாதீங்க, திருப்பிட்டு மறுபடி சுருதி சேத்து பாருங்க. 12வது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் உயரம் ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர்ல ஆரம்பிக்கலாம். அப்புறம் அங்கயே ஹார்மோனிக்கையும் (அழுத்தாம ஸ்ட்ரிங்க லேசா தொட்டு மீட்டினா வர்ற சுரம்) அழுத்தி வாசிக்கற சுரத்தையும் டியூனர்ல ஒப்பிடுங்க, அழுத்தினது ஷார்ப்பா இருந்தா சேடில பின்னாடி தள்ளணும். மரம் புது இழுவைக்குப் பழக நாள் ஆகும், அதனால ஒரு வாரம் சுருதியோடவே வச்சிருந்துட்டு இதெல்லாம் மறுபடி ஒரு தடவை அளந்து பாருங்க.