பழைய மாருதி 800: மைலேஜைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி?

"மாருதி 800 லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்பவரிடம், "எந்த வருடத்து வண்டி?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரான கார் அது. 796 சிசி, மூன்று சிலிண்டர் என்பது கடைசிவரை மாறவில்லை. பெட்ரோல் ஊட்டும் முறை மாறிவிட்டது. 2000-ஐ ஒட்டி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் போய், மின்னணுக் கட்டுப்பாட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

முதலில் டேங்கை நிரப்புங்கள். நாசில் 'டக்' என்று தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். தொகை ரவுண்டாக வரட்டுமே என்று பங்க் ஊழியர் இன்னும் கொஞ்சம் அழுத்துவார். கணக்கு கெடுவதே அங்கேதான். வண்டி ஓடிய மொத்தக் கிலோமீட்டரைக் காட்டும் ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குறைந்தது 300 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். 5 லிட்டர் மட்டும் செலவான நிலையில் மறுபடி நிரப்பினால், அரை லிட்டர் முன்பின் ஆனாலே பத்து சதவீதப் பிழை. 20 லிட்டரில் அதே அரை லிட்டர் இரண்டரை சதவீதம்தான்.

பிறகு அதே பங்க், அதே பம்ப். மீண்டும் முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடோமீட்டர் 61,240-இலிருந்து 61,598 ஆகியிருக்கிறது, 21.2 லிட்டர் பிடித்தது என்று வையுங்கள். 358-ஐ 21.2-ஆல் வகுத்தால் 16.9.

இப்போதே மகிழ்ந்துவிடாதீர்கள். டயர் தேய்ந்திருந்தாலோ அளவு மாற்றிப் போட்டிருந்தாலோ ஓடோமீட்டர் பொய் சொல்லும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்து 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மீட்டர் 20.8 காட்டினால், உண்மையில் ஓடியது 344 கிலோமீட்டர், மைலேஜ் 16.2. மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுத்த பிறகே அந்த எண்ணை வெளியில் சொல்லுங்கள்.

கார்புரேட்டர் வண்டி என்றால் சோக் குமிழை அவசியம் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவதுதான் சோக்; வெளியே இழுத்த குமிழை உள்ளே தள்ளினால் அதன் தகடு திறந்துவிட வேண்டும். என் வண்டியில் குமிழ் முழுதும் உள்ளே போனதுபோலத் தெரியும். பானெட்டைத் திறந்தால் சோக் தகடு அரைவாசி மூடியே நிற்கும். கேபிள் இறுகியிருந்தது. புகைக் குழாயின் வாய் கரிப்பிடித்துக் கறுத்திருந்ததை வாரக்கணக்கில் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டயர் காற்று ஆகியவை இரண்டுக்கும் பொது.

பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த மைலேஜோடு ஒப்பிடுபவர்கள் பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-இல் வண்டி கொஞ்சம் குறைவாக ஓடினால், உடனே மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம். நோட்டில் தேதி, கிலோமீட்டர், லிட்டர் பத்திகளுக்குப் பக்கத்தில் 'எந்தப் பெட்ரோல்', 'ஏசி போட்டேனா' என்று இன்னும் இரண்டு பத்திகள் போட்டுவிடுங்கள்.