பிளே ஸ்கூல் பிள்ளையிடம் "என்ன எழுதினே?" என்று கேட்காதீர்கள்

மகளை பிளே ஸ்கூலில் சேர்த்த முதல் மாதம் முழுக்க நான் கேட்டது ஒரே கேள்விதான்: "இன்னைக்கு மிஸ் என்ன எழுதச் சொன்னாங்க?" அவளும் சலிக்காமல் ஒரே பதிலைச் சொன்னாள்: "தண்ணி ஊத்தி வெளாண்டேன்." கட்டிய ஃபீஸை நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் சீக்கிரமே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒல்லியான டம்ளரில் இருந்த தண்ணீரை அகலக் கிண்ணத்தில் ஊற்றுகிறாள், பாதிகூட நிறையவில்லை என்றதும் முழிக்கிறாள், திரும்ப டம்ளருக்கே ஊற்றிப் பார்க்கிறாள், கீழே சிந்துகிறது, பக்கத்துப் பையனிடம் "நீ புடிச்சுக்கோ, நான் மெதுவா ஊத்துறேன்" என்கிறாள். அளவு, கை நிதானம், பேச்சு, கூட்டு வேலை எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் நடந்துவிட்டது. நோட்டில் ஏறாத ஒரே காரணத்தால் அது எனக்குப் படிப்பாகத் தெரியவில்லை.

இந்த வயதுக்கென்று 2022-ல் வெளியான தேசியக் கலைத்திட்டத்தில், அதாவது பிள்ளைகள் எதை எப்படிக் கற்க வேண்டும் என்று சொல்லும் ஆவணத்தில், 13 இலக்குகள் இருக்கின்றன. முதல் மூன்றும் உடம்பைப் பற்றியவை: ஆரோக்கியப் பழக்கம், புலன்களின் கூர்மை, கைகால் கட்டுப்பாடு. கணக்குக்கென்று தனியாக இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் 3 முதல் 8 வயது வரைக்குமான பட்டியல். இரண்டாம் வகுப்பு முடியும்போது வரவேண்டியதை எல்கேஜியிலேயே கேட்டுவிட்டு, பிள்ளை மந்தம் என்று கவலைப்படுகிறோம்.

பென்சில் விஷயத்தில் இன்னும் மோசம். மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்க வேண்டும், 3 வயதில் அவற்றில் பாதியளவு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுத்து 'அ' போட வைப்பதைவிட, சப்பாத்தி மாவை உருட்டவும் பட்டாணி உரிக்கவும் விடலாம். விரலுக்கு வலு அங்கேதான் ஏறுகிறது.

பிள்ளை நூறு வரை ஒப்பிப்பதையும் நம்பாதீர்கள். தட்டில் 6 இட்லியை வைத்து எண்ணச் சொல்லுங்கள், ஒரே இட்லியை இரண்டு முறை தொட்டுவிட்டு "ஏழு" என்று சிரிக்கும். ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். நம் பாட்டிகள் இதற்கு ஒர்க்‌ஷீட் வாங்கவில்லை, பல்லாங்குழியை எடுத்து வைத்தார்கள். குழிக்கு ஒரு புளியங்கொட்டையாகப் போட்டுக்கொண்டே போனால் கையும் எண்ணும் தானாகச் சேர்ந்துகொள்ளும். (மூக்கில் போட்டுக்கொள்ளும் வயதென்றால் பக்கத்தை விட்டு நகராதீர்கள்.)

சரி, விளையாட்டுதானே, அவிழ்த்து விட்டால் போதும் என்று நினைப்பதும் தவறுதான். நாலு பிளாஸ்டிக் சறுக்குமரத்தைப் போட்டுவிட்டு மிஸ் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தால் அது பிள்ளைகளை அடைத்து வைக்கிற இடம். நல்ல மிஸ் காலையிலேயே மூன்று அளவு டம்ளரை யோசித்து எடுத்து வைத்திருப்பார், "எதுல நிறைய இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு நமக்கு வருவதில்லை. பிள்ளை யோசிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிறோம். பொம்மைக்கு இரண்டு பேர் சண்டை போட்டாலும் ஓடிப்போய் "ஸாரி சொல்லு" என்கிறோம். கடிக்காமல் அடிக்காமல் இருக்கிறவரை ஒரு நிமிஷம் தள்ளி நின்றால், "அப்புறம் எனக்குத் தரணும்" என்று அவர்களே பேரம் பேசி முடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அட்மிஷனுக்குப் போகும்போது சுவரில் வரைந்திருக்கும் கார்ட்டூனைப் பார்த்து மயங்காமல் அடுக்கி விளையாடும் கட்டைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் எல்லாம் கண்ணாடி பீரோவில் பளபளவென்று அடுக்கியிருந்தது, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. சாவி யாரிடம் என்று கேட்டேன். மேடம் லீவு என்றார்கள்.