வெளிநாட்டுப் படிப்பு முடிந்ததும் வேலை: கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு கன்சல்டன்சியில் போய் உட்கார்ந்தால், பேச்சு முழுக்க எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கட்டணம் என்பதிலேயே போகும். படிப்பு முடிந்தபின் என்ன என்று கேட்டால் 'ஸ்டே பேக் உண்டு', அதாவது அங்கேயே தங்கி வேலை தேட அனுமதி உண்டு, என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். அந்த ஸ்டே பேக் எத்தனை மாதம், அது முடியும் நாளில் கையில் என்ன இருக்க வேண்டும், வங்கித் தவணை எந்த மாதம் தொடங்கும் என்ற மூன்றையும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிகளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், வேலை தேட வேண்டியது பட்டம் வாங்கிய பிறகல்ல, முதல் செமஸ்டரிலேயே என்பது புரிந்துவிடும்.

முதலில் கடன் கணக்கு. பெரும்பாலான வங்கிகளில் படிப்புக் காலமும் அதற்குப்பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். 20 லட்ச ரூபாய், 10.5 சதவீத வட்டி, இரண்டாண்டு மாஸ்டர் படிப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளில் தனி வட்டி மட்டும் 6.3 லட்சம் வரை ஏறும். பணம் தவணை தவணையாக வெளியானால் கொஞ்சம் குறையும். அதையும் அசலோடு சேர்த்துப் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 35,500 ரூபாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை 27,000 அளவில் நின்றுவிடும். வீட்டில் யாராவது சம்பளத்தில் இருந்தால், இந்த வட்டியைக் கட்டுவதுதான் அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

அடுத்தது நாடு. புதுச்சேரிக்காரர்களுக்கு பிரான்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அதை விரிவாகவே சொல்ல வேண்டும். மாஸ்டர் முடித்த இந்திய மாணவருக்கு வேலை தேடவோ தொழில் தொடங்கவோ 12 மாத அனுமதி உண்டு. இந்தியாவுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அதை ஒருமுறை நீட்டிக்கலாம், மொத்தம் 24 மாதம். ஆனால் எல்லாப் படிப்புக்கும் இது கிடைக்காது. தனியார் பிசினஸ் ஸ்கூல்கள் சில 'எம்பிஏ', 'எம்எஸ்சி' என்று பெயர் வைத்து விற்கும் படிப்புகளுக்கு அரசு அங்கீகரித்த மாஸ்டர் தகுதி இருக்காது. கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்புக்கு 'கிராட் தெ மாஸ்டர்' உண்டா என்று பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் இரண்டு வருடப் படிப்புக்குப் பிறகு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த 24 மாதத்திற்குள் வேலை அனுமதிக்கு மாற, வேலை உங்கள் படிப்புக்குப் பொருத்தமானதாகவும், சம்பளம் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் ஒன்றரை மடங்காகவும் இருந்தால் பாதை சுலபம். அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி நிரூபிக்க வேண்டிய தேவை இராது. பாரிஸ் பக்கம் சொந்தக்காரர் கடையிலோ உணவகத்திலோ வேலை பார்ப்பது செலவுக்கு உதவும். படிக்கும்போது ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை அனுமதியும் உண்டு. ஆனால் பட்டத்திற்குப் பிறகும் அதிலேயே தங்கிவிட்டால் இந்த நிபந்தனை எதுவும் நிறைவேறாது, மாதங்கள் மட்டும் கரையும். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால், தங்க இடம் தருவதாக அவர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், அவர் பெயரில் வந்த சமீபத்திய மின் ரசீது மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்பு அட்டைக்கு இவை தேவைப்படும்.

பிரான்சில் வேலைக்கு உண்மையான வாசல், கடைசி செமஸ்டரில் வரும் ஆறு மாத ஸ்டாஜ், அதாவது இன்டர்ன்ஷிப். பலரை அதே கம்பெனி அப்படியே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அதனால் ஸ்டாஜ் தொடங்க ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் நேர்முகத்தேர்வு பெரும்பாலும் பிரெஞ்சில்தான் நடக்கும். ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகள். அதில் நான்காவதான பி2 இல்லாமல் போனால் வாய்ப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். பிரெஞ்சு கற்றுத்தரும் புதுச்சேரி அலியான்ஸ் ஃபிரான்சேஸில் சேர்ந்து, கிளம்பும் முன் குறைந்தது அதற்கு முந்தைய பி1 நிலையை எட்டிவிடுங்கள். அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் பாடச்சுமையில் நேரமே கிடைக்காது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஜெர்மனியில் 18 மாதம் வேலை தேடலாம், அந்தக் காலத்தில் எந்த வேலையும் செய்யலாம். கடலூர் சிப்காட் பக்கம் கெமிக்கல் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு அங்கே வாய்ப்பு நல்லது, ஆனால் தொழிற்சாலைத் தளத்தில் ஜெர்மன் பேசத் தெரிய வேண்டும். பிரிட்டனில் படிப்பு முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசா இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதமாகிறது. ஆகவே 2026 செப்டம்பரில் ஓராண்டு மாஸ்டர் சேர்பவர்கள் 18 மாதம் என்றே கணக்கிடுங்கள். அமெரிக்காவில் ஓபிடி எனும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பென்றால் மேலும் 24 மாதம். அந்த முதல் 12 மாதத்திற்குப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து முடிந்து 60 நாள் வரைதான் விண்ணப்பிக்கலாம். முதல் ஆண்டில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. கனடாவில் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி வாழ்நாளில் ஒரு முறைதான். பாஸ்போர்ட் எந்த நாளில் காலாவதியாகிறதோ அதற்குமேல் அந்த அனுமதி தரமாட்டார்கள். போகும் முன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது அதனால்தான் முக்கியம்.

பாஸ்போர்ட் என்றதும் நம் ஊர்ப் பெயர்ச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு இனிஷியலும் ஒரே பெயரும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்திற்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு', அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று விழும். அதன்பின் வங்கி, சம்பளப் பட்டியல், வரிப் பதிவு எல்லாவற்றிலும் பெயர் ஒத்துப்போகாமல் அலைச்சல். இனிஷியலை அப்பாவின் பெயராக விரித்துப் பாஸ்போர்ட்டில் சேர்த்துவிட்டு, கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு, ரெஸ்யூமே எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டலை வையுங்கள்.

ஊருக்குத் திரும்புவதற்கும் ஒரு திட்டம் தேவை. அது தோல்வியல்ல, கடைசி நேரத்தில் யோசித்தால்தான் தோல்வியாகத் தெரியும். அரசு வேலைக்கோ ஆராய்ச்சிப் படிப்புக்கோ வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்திற்கு இணையானது என்ற சமநிலைச் சான்று கேட்பார்கள். 2025 ஏப்ரலில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இதற்குத் தனி விதிமுறை வெளியிட்டது. மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவை அதில் வராது, அந்தந்தக் கவுன்சிலின் விதிதான். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்கப் போகிறவர்கள், படிப்பு 54 மாதத்திற்குக் குறையாமலும், அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப்போடும், அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி தருவதாகவும் இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்தாக வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே தகுதித் தேர்வு எழுத முடியாது.

இங்கிருந்து எடுத்துப் போகும் பட்டச் சான்றுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்று உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்கும் முத்திரை, கேட்கும் நாடுகள் உண்டு. பட்டம் எந்த மாநிலத்தில் வாங்கியதோ அந்த அரசின் சரிபார்ப்பு முடிந்த பிறகே வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை கிடைக்கும். ஒரே வீட்டில் அண்ணன் கடலூரிலும் தங்கை புதுச்சேரியிலும் படித்திருந்தால் இரண்டு பேருக்கும் அலுவலகம் வேறு வேறு. பிள்ளைகள் அங்கே போனபின் பெற்றோர் இதற்காக அலைவதைவிட, விசா நேர்காணலுக்கு இரண்டு மாதம் முன்பே நீங்களே முடித்து, ஸ்கேன் பிரதி ஒன்றை மின்னஞ்சலில் போட்டுவைத்து, ஒரிஜினலைக் கைப்பையில் எடுத்துப் போங்கள். செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.