ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில் நேரும் தவறுகள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும் தறுவாயில், எங்கள் ஆலயத்தின் முன்பகுதியில் ஓர் எவர்சில்வர் தட்டு நிறைய, ஆளுக்கொரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் சபையார் வரிசையாக வந்து ஆளுக்கொன்றாக எடுத்து, பக்கத்து விளக்கின் வெளிச்சத்தில் பிரித்துப் படித்து, வேதாகம உறைக்குள் செருகிக்கொண்டு வீடு திரும்புவார்கள். ஒரு வருடம் எனக்கு முன்னால் நின்றிருந்த பெரியவர் ஒருவர் தம் அட்டையைப் பிரித்துப் பார்த்தார். முகம் சற்றே வாடியது. அதை முன்போலவே சுருட்டித் தட்டில் போட்டுவிட்டு, சட்டென்று வேறொன்றை எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. அந்தத் தட்டில் அவர் வெளிப்படையாகச் செய்ததைத்தான் நம்மில் பலர் ஆண்டு முழுவதும் வேதாகமத்துக்குள் செய்துகொண்டிருக்கிறோம்: ஆறுதல் தரும் வரியை வைத்துக்கொண்டு, அதை அடுத்து நிற்கும் வரியைத் திரும்பச் சுருட்டி வைத்துவிடுகிறோம்.

நாளுக்கொரு வசனம் என்னும் வழக்கத்தில் தவறேதும் இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் மொராவியச் சபையார் 1728இல் அதைத் தொடங்கினார்கள். 1731 முதல் அது நூலாகவே அச்சாகி வருகிறது. ஆனால் வேதாகமத்தை எழுதியவர்கள் வசனம் வசனமாக எழுதவில்லை. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் காலத்தில் அமைந்தவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல், பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்திருந்த அச்சகர் ராபர்ட் எத்தியென் இட்டவை. இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகப் போட்ட எண்ணை, பிய்த்தெடுக்க வசதியான துளையிட்ட கோடாக நாம் மாற்றிக்கொண்டதில்தான் தொல்லை தொடங்குகிறது.

மிகப் பரவலான தவறு எரேமியா 29:11இல் நடக்கிறது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் அந்த வசனம் அட்டையிலும் நாட்காட்டியிலும் கைப்பேசி நிலைச்செய்தியிலும் இடம்பெறாத புத்தாண்டே இல்லை. வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பித்தவர் அதை விசா கிடைக்கும் என்று வாசிக்கிறார். மகளுக்கு வரன் தேடுபவர் அந்த வரன் அமையும் என்று வாசிக்கிறார். இந்த வாசிப்புக்குப் பாதிக் காரணம் மொழிபெயர்ப்பு என்றே நினைக்கிறேன். எபிரேய மூலத்தில் இருப்பது ஏறத்தாழ "ஒரு பிற்காலமும் நம்பிக்கையும்" என்ற பொருளுடைய சொற்கள். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பைப் போலவே நம் பழைய தமிழ் வேதாகமமும் அதை "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று ஆக்கியதால், நான் எதை எதிர்பார்க்கிறேனோ அது அப்படியே கிடைக்கும் என்ற பொருள் தமிழ்க் காதுக்குத் தானாகவே வந்து சேர்ந்துவிட்டது.

அந்த வசனம் இருப்பது ஒரு கடிதத்தில். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அது. அதற்கு முந்தைய அதிகாரத்திலேயே அனனியா என்னும் தீர்க்கதரிசி இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று அறிவித்திருந்தான். மக்களுக்கு அந்தச் செய்திதான் இனித்திருக்கும். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்று எழுதினார். கடிதத்தைக் கேட்டவர்களில் நடுவயதுக்காரர் எவரும் ஊர் திரும்பப் போவதில்லை என்பதே அதன் பொருள். அதுவரை என்ன செய்வது என்பதையும் அதே கடிதம் சொல்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள். நம் வேதாகமத்தில் கர்த்தர் ஒருவனிடம் பேசும்போது "நீ" என்றே பேசுவார் என்பதை நினைவில் கொண்டால், இங்கே வரும் "உங்கள்" என்பது மரியாதைப் பன்மையாக இருக்க முடியாது என்பதும், அது ஒரு கூட்டத்தாரை நோக்கியது என்பதும் விளங்கும். தனியொருவரின் விசாவை அந்தக் கடிதம் பேசவில்லை. அட்டையில் 11ஆம் வசனம் வருகிறது. அண்டை அயலாரின் நலனைத் தேடச் சொல்லும் 7ஆம் வசனம் வந்து நான் பார்த்ததில்லை.

பிலிப்பியர் 4:13இன் கதையும் ஏறக்குறைய இதுவே. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைத் தேர்வுக்குப் போகும் பிள்ளையின் பென்சில் பெட்டியில் ஒட்டிவிடுகிறோம். காவலில் இருந்தபடி பவுல் எழுதிய அந்த வரிக்கு முன்னால் பசியும் குறைவும் நிறைவும் வரிசையாக நிற்கின்றன. தோற்றாலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறவரின் வாக்கு அது. மதிப்பெண் குறைந்து வந்த மாலையில்தான் அந்தப் பிள்ளைக்கு அது உண்மையில் தேவைப்படும். அன்று நாம் அதை எடுத்துச் சொல்வதில்லை.

இவை ஆறுதலைப் பற்றிய தவறுகள். இவற்றால் பெரும்பாலும் ஏமாற்றம் மட்டுமே விளையும். நடத்தையைத் தொடும் தவறுகளில் மற்றவர்களுக்கும் சேதம் உண்டு. அவற்றில் முதலாவதாக மல்கியா 3:10ஐச் சொல்வேன். தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்னும் அந்த வசனத்தைக் கேட்காமல் ஒரு காணிக்கைப் பண்டிகை கழிவதில்லை. ஒரு மாத முதல் ஞாயிறு நான் சம்பளத்தில் பத்திலொன்றைக் கணக்குப் பார்த்துக் காணிக்கைக் கவரில் வைத்து ஒட்டினேன். அதற்கு முந்தைய நாள்தான் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர் வராத ஆறு நாட்களுக்கு உரிய பணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருந்தேன். அதே மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாட்கள் அலுவலகம் போகவில்லை. எனக்கு மருத்துவ விடுப்பு இருந்தது, சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை. இரண்டு காரியங்களையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அன்று தோன்றவே இல்லை. சில மாதங்களுக்குப் பிறகு வேதபாட வகுப்புக்காக மல்கியா மூன்றாம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தபோதுதான் 5ஆம் வசனத்தில் இடறினேன். சூனியக்காரரையும் பொய்யாணை இடுகிறவர்களையும் சொல்லும் அதே மூச்சில், கூலிக்காரரின் கூலியை அபகரித்துக்கொள்ளுகிறவர்களுக்கு விரோதமாகவும் தாம் சாட்சியாக வருவதாகக் கர்த்தர் அங்கே சொல்கிறார். பலகணி திறப்பதற்கு ஐந்து வசனங்கள் முன்னால்தான் கூலி பேசப்படுகிறது. நாம் ஐந்தைத் தாண்டிப் பத்தில் போய் இறங்குகிறோம்.

கூலி விஷயத்தில் வேதாகமம் மங்கலாகப் பேசுவதே இல்லை. பொழுது போகுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம் 24. விடியும்வரை அது உன்னிடத்தில் தங்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடும் என்கிறது யாக்கோபின் நிருபம். தசமபாகமே கூட, உபாகமம் 14இன்படி மூன்றாம் வருடத்தில் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைவதற்காக அவரவர் ஊரிலேயே வைக்கப்பட வேண்டியது. கீரையிலும் சீரகத்திலும்கூடப் பத்திலொன்று அளந்து கொடுத்தவர்களிடம் இயேசு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று கேட்டது மத்தேயு 23இல் இருக்கிறது. காணிக்கை கொடுப்பதை நிறுத்தச் சொல்ல நான் வரவில்லை. அவரும் அதை விடாதிருக்க வேண்டும் என்றே சொன்னார். கவரை ஒட்டுவதற்கு முன்னால், அந்தப் பணத்தில் வேறொருவரின் கூலி கலந்திருக்கிறதா என்று பார்ப்பது கணக்கின் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அடுத்தது மன்னிப்பு. கணவன் கைநீட்டியதால் வீங்கிய மணிக்கட்டோடு ஒரு பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட்டால், அன்று மாலையே நாலு பெரியவர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்து, ஜெபித்து, ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லும் வசனத்தையும் மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்னும் வசனத்தையும் எடுத்து வைக்கும் காட்சி நம் சபைகளுக்குப் புதிதில்லை. "அனுசரிச்சுப் போம்மா, ஆண்டவர் அவரை மாத்துவாரு" என்ற பேச்சோடு காப்பி டம்ளர்கள் உள்ளே போகும். மறுநாள் அவள் திரும்ப அனுப்பப்படுவாள். அந்தக் கூடத்தில் வாசிக்கப்படாதவற்றைப் பாருங்கள். ஏழெழுபதுதரம் என்பது வரும் மத்தேயு 18ஆம் அதிகாரத்திலேயே, குற்றம் செய்த சகோதரனிடம் தனித்துப் பேசி, கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டுபோய், அதற்கும் செவிகொடாவிட்டால் சபைக்கே அறிவிக்க வேண்டும் என்ற ஒழுங்கு 15 முதல் 17 வரையுள்ள வசனங்களில் தரப்பட்டிருக்கிறது. "இரண்டுபேராவது மூன்றுபேராவது" கூடியிருக்கும் இடத்தில் தாம் இருப்பதாக இயேசு சொல்லும் 20ஆம் வசனமும் அந்த விசாரணையின் தொடர்ச்சியே. ஜெபக் கூட்டத்துக்கு ஆள் குறைவாக வந்த நாளில் மனதைத் தேற்றிக்கொள்ள மட்டும் நாம் அதைப் பயன்படுத்தி வருகிறோம். லூக்கா 17:3 இன்னும் நேரடியானது: கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி என்பது அங்குள்ள வரிசை. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் 22ஆம் வசனத்துக்கு முன்னால் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்ற 21 இருக்கிறது. பின்னால் வரும் 25, சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தவரைக் கணவனுக்கு அளவுகோலாக வைக்கிறது. அந்த அளவுகோலைக் கணவனிடம் எடுத்துச் சென்று அளந்துபார்த்த பெரியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

மன்னிப்பதும் அடிபடும் இடத்துக்கே திரும்பிப் போவதும் வெவ்வேறு காரியங்கள். ஒருவரை மன்னித்துவிட்டு அவர் கைக்கு எட்டாத தொலைவில் வாழ்வதை எந்த வசனமும் தடுக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், விவாகரத்துக் கோராமலேயே ஒரு பெண் பாதுகாப்பு உத்தரவும் குடியிருப்பு உத்தரவும் பெற முடியும் என்பதை அந்தக் கூடத்தில் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். காவல் நிலையத்துக்குப் போவது அவிசுவாசம் என்று நினைப்பவர்கள், பவுல் தம் ரோமக் குடியுரிமையைச் சொல்லிச் சாட்டையடியிலிருந்து தப்பியதையும், ரோமப் பேரரசனான இராயனுக்கே அபயமிட்டு மேல்முறையீடு செய்ததையும் அப்போஸ்தலர் நடபடிகளில் படித்தவர்களாகவே இருப்பார்கள்.

"மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்பதும் இதே விதமாகக் கேடயமாகிவிட்டது. ஆலயக் கட்டட நிதிக்குக் கணக்கு கேட்டால், பிள்ளையின் திருமணத்தில் "நீங்களாகப் பார்த்து நல்லது செய்யுங்கள்" என்று வரதட்சணையை மென்மையாகக் கேட்டவரைச் சுட்டிக்காட்டினால், உடனே மத்தேயு 7:1 வந்து வாயை அடைக்கும். நான்கு வசனங்கள் தள்ளி, உன் கண்ணிலுள்ள உத்திரத்தை முதலில் எடுத்துப்போடு, பிறகு சகோதரனின் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்கிறார் இயேசு. துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை; கண்ணுக்குள் கைவைக்கும் வேலை என்பதால் பார்வை தெளிந்த பிறகு வா என்கிறார்.

ஊழியர்களைக் கேள்வி கேட்கும்போது இன்னும் பலமான பூட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்னும் சங்கீதம் 105:15. நாடோடிகளாகத் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு குடும்பத்தாருக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொல்லப்பட்டதாக அந்தச் சங்கீதம் அதை நினைவுகூர்கிறது. அதன் பின்னணிகளில் ஒன்றான ஆதியாகமம் 20ஐ வாசித்தால் ஒரு வேடிக்கை புலப்படும். தன் மனைவியைச் சகோதரி என்று சொல்லி கேராரின் ராஜா அபிமெலேக்கைத் தவிக்கவிட்ட ஆபிரகாமை அங்கே கர்த்தர் தீர்க்கதரிசி என்றே அழைக்கிறார். மறுநாள் காலை அந்த ராஜா அதே தீர்க்கதரிசியைக் கூப்பிட்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். ஆபிரகாம் தன் பயத்தைக் காரணமாகச் சொல்லிப் பதிலளிக்கிறார். "என்னைத் தொடாதே" என்று வசனம் காட்டவில்லை. அபிஷேகம் பெற்ற தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றதையும், அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாக எதிர்த்ததையும் சேர்த்துக்கொண்டால் அந்தப் பூட்டுக்கு இனி வேலையில்லை. பவுலே எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியே கையாளாமல் வேறு சகோதரரையும் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க விரும்புவதாக 2 கொரிந்தியர் 8இல் அதற்குக் காரணம் எழுதினார். தணிக்கை செய்த கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது அந்த அதிகாரத்தின் நேரடிக் கீழ்ப்படிதல்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. வேதபாட வகுப்பு நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு அது எளிதில் ஒட்டிக்கொள்ளும். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் அத்தை ஒருவர் தலையணைக்கடியிலிருந்து எரேமியா 29:11 அட்டையை எடுத்துக் காட்டும்போது, அது பாபிலோன் கைதிகளுக்கு எழுதப்பட்டது என்று விளக்கத் தொடங்குவது அறிவீனம். எழுபது ஆண்டு காத்திருந்தவர்களைக் கைவிடாதவர் என்பதே அந்தக் கடிதத்தின் செய்தி. அத்தை அதைச் சரியாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆறுதல் பெறுபவரிடமிருந்து வசனத்தைப் பிடுங்கத் தேவையில்லை. அதே வசனத்தைக் காட்டித் தன் கடமையிலிருந்து நழுவுகிறவரிடம்தான், தொடக்கமாக நம்மிடமே, மீதி அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஜனவரி 1 காலையில், முந்தைய இரவு எடுத்துவந்த அட்டைகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றும் எந்த அதிகாரத்திலிருந்து வந்ததோ அதை முதல் வசனத்திலிருந்து உரக்க வாசிக்கிறோம். எரேமியா 29இல் 32 வசனங்கள், மல்கியா 3இல் 18. எதுவும் பத்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. வாசித்து முடித்ததும், அட்டையின் வெற்றுப் பக்கத்தில், அந்த அதிகாரத்திலிருந்து நாம் எடுத்திருக்கவே மாட்டோம் என்று தோன்றும் ஒரு வசனத்தின் எண்ணை அவரவர் பென்சிலால் குறித்துக்கொள்கிறோம். என் வேதாகம உறைக்குள் இருக்கும் அட்டையின் பின்பக்கத்தில் 3:5 என்று இருக்கிறது. பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கு மாதத்தில் நான்கு நாட்கள் சம்பளத்தோடு விடுப்பு. அந்த ஆறு நாள் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். "எதுக்குண்ணே இது?" என்று கேட்டார், எனக்குத்தான் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.