கெக்கில் கேஸ் ஏறவே மாட்டேன் என்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

19 லிட்டர் கெக்கில் (பானத்தை அழுத்தத்தில் வைக்கும் எஃகுப் பீப்பாய்) சைடரை (ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது) நிரப்பி, கரியமில வாயுவைத் திறந்துவிட்டு, நாலைந்து நாள் பொறுத்து ஒரு கிளாஸ் பிடித்தால் சப்பென்று ஆப்பிள் ஜூஸ் மாதிரி இருக்கிறது. உடனே எல்லோருக்கும் கை ரெகுலேட்டர் (சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) திருகுக்குத்தான் போகும். 12 பிஎஸ்ஐயை (அழுத்தத்தின் அலகு) 20 ஆக்கு, 20ஐ 30 ஆக்கு. அடுத்த வாரம் குழாயைத் திறந்தால் பாதி கெக் நுரையாகப் பீய்ச்சும். அதனால் அந்தத் திருகை இப்போதைக்குத் தொடாதீர்கள். கடைசிப் படியில் அதற்கு வேலை இருக்கிறது.

நான் மெல்போர்னில் கராஜில் இருக்கும் பழைய ஃப்ரிட்ஜில் பால்-லாக் (குழாய் இணைப்பின் ஒரு வகை) கெக் வைத்துச் செய்கிறேன். கெக்கைக் கழுவுவது, கிருமி நீக்குவது, புளிப்பு முடிந்துவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே சொந்தக் குடிப்புக்குச் சட்டம் தடை சொல்வதில்லை. தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் சோடா போட இந்தக் கணக்கைப் பயன்படுத்திக்கொள்ளலாம், தண்ணீருக்கும் இதே விதிதான்.

படி 1: உண்மையிலேயே கேஸ் இல்லையா?

சைடரில் பீர் மாதிரி நுரை நிற்காது. நுரையைப் பிடித்து வைக்கிற தானியப் புரதமும் ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பு தரும் பூ) அதில் இல்லை. குமிழி மேலே வந்ததும் உடைந்து காணாமல் போகும். ஆகவே கண்ணை நம்பாமல் நாக்கில் வைத்துப் பாருங்கள். சுருக்கென்று குத்தினால் கேஸ் இருக்கிறது.

இன்னொன்று, குழாய்க்குப் போகும் டியூப் அரை மீட்டர்தான் என்றால் கெக்கில் ஏறிய கேஸில் பெரும்பகுதி ஊற்றும்போதே நுரையாகப் பிரிந்து, கிளாஸில் சப்பென்ற பானம்தான் மிஞ்சும். உள்விட்டம் 5 மில்லிமீட்டர் டியூப் என்றால் இரண்டு, மூன்று மீட்டராவது வேண்டும்.

படி 2: பானத்தின் சூடு

ஃப்ரிட்ஜ் டிஸ்பிளே காட்டுவது காற்றின் வெப்பநிலை. 19 லிட்டர் திரவம் 20 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறங்க ஒரு நாள் முழுக்க ஆகும். 12 பிஎஸ்ஐயில் 4 டிகிரி பானம் சுமார் 2.5 வால்யூம் (ஒரு லிட்டர் பானத்துக்கு 2.5 லிட்டர்) வாயுவைப் பிடித்துக்கொள்ளும், பீருக்கு அது போதும். அதே 12 பிஎஸ்ஐயில் 20 டிகிரி பானம் 1.6 அளவோடு நின்றுவிடும். எத்தனை வாரம் வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. தெர்மோஸ்டாட் சென்சாரைக் கெக்கின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்து டேப் சுற்றுங்கள். அப்போதுதான் கெக்கின் சூட்டைப் பார்த்து ஃப்ரிட்ஜ் ஓடும்.

படி 3: சிலிண்டர் திறந்தே இருக்கிறதா?

என்னை அதிகம் அலைக்கழித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் பலரும் செய்வது இது: 30 பிஎஸ்ஐ கொடுப்பார்கள், 'புஸ்' சத்தம் நின்றதும் சிலிண்டரை மூடிவிடுவார்கள். மறுநாள் அழுத்த மீட்டரின் முள் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். "ஐயோ, லீக்!" என்று ஓ-ரிங் (ரப்பர் வளையம்) எல்லாவற்றையும் மாற்றுவார்கள். அதற்கப்புறமும் முள் இறங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரியில் புளித்து முடிந்த சைடரில் ஏற்கெனவே 0.85 வால்யூம் அளவுக்கு வாயு கரைந்திருக்கும். அதை 2.5 ஆக்க 19 லிட்டருக்குச் சுமார் 60 கிராம் வாயு வேண்டும். கெக்கின் தலைப்பகுதியில் ஒரு லிட்டர் இடம் இருந்தால், 30 பிஎஸ்ஐயில் அங்கே அடைபடுவது வெறும் 6 கிராம். முள் 30 காட்டுகிறது, ஆனால் சரக்கு பத்தில் ஒரு பங்குதான். பானம் அதை உறிஞ்சியதும் முள் இறங்கத்தானே செய்யும்? அது லீக் இல்லை, நீங்கள் விரும்பிய வேலை நடந்துகொண்டிருக்கிறது. சிலிண்டரைத் திறந்தே வையுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சிலிண்டர் திறந்திருக்கும்போது சின்ன லீக் இருந்தால் கார்பனேஷன் மெதுவாகாது. ரெகுலேட்டர் ஈடு கட்டிக்கொண்டே இருக்கும், சிலிண்டர்தான் காலியாகும். அதன் பிறகுதான் கெக் சப்பென்று ஆகும். எனவே லீக்கைத் தேட வேண்டும், ஆனால் பானம் உள்ள கெக்கில் முள்ளைப் பார்த்துத் தேடக் கூடாது. காலிக் கெக்கை 12 பிஎஸ்ஐயில் வைத்து, சிலிண்டரை மூடி, இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். அங்கே உறிஞ்ச ஒன்றும் இல்லை, முள் இறங்கினால் லீக்தான்.

லீக் பெரும்பாலும் பெரிய மூடியில். அந்த முட்டை வடிவ ரப்பரை இறுக்குவது கைப்பிடி இல்லை, உள்ளிருக்கும் அழுத்தம்தான். மூடியை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தபடி 30 பிஎஸ்ஐயை ஒரே மூச்சில் கொடுங்கள், 'டப்'பென்று உட்காரும். பிறகு 12க்கு இறக்கி, சோப்புத் தண்ணீர் ஸ்பிரே அடியுங்கள். சுற்றிலும் வெள்ளையாகப் பொடிக் குமிழி கிளம்பினால், அழுத்தத்தை வெளியேற்றி, மூடியை 180 டிகிரி திருப்பிப் போடுங்கள். பல நேரம் அதுவே போதும். ரப்பரில் உணவுத்தர சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள், வாசலின் வேண்டாம், பெட்ரோலியம் ரப்பரை அரித்துவிடும்.

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதையும் உயர் அழுத்த முள்ளிடம் கேட்காதீர்கள். உள்ளே வாயு திரவமாக இருக்கிறது. கடைசிச் சொட்டு தீரும் வரை முள் அசையாது. ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் குளிரில் முள் இறங்கி வீணாகப் பயமுறுத்தும். நான் 10 கிலோ தாங்கும் சமையலறைத் தராசில் எடை பார்த்து, சிலிண்டர் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுவேன். 50 டாலர் மின்னணு மீட்டரைவிட இது நம்பகம். ஒரு கெக்கில் கேஸ் ஏற்றி முடிப்பதற்குள் 100 கிராமுக்கு மேல் குறைந்தால் தேடத் தொடங்குங்கள்.

படி 4: உள்ளே மாட்டிய காற்று

இதை யாரும் சொல்வதில்லை. கெக்கை நிரப்பி மூடும்போது தலைப்பகுதியில் இருப்பது சாதாரணக் காற்று. அதன் மேல் 12 பிஎஸ்ஐ கொடுத்தால் முள் 12 காட்டும்தான். ஆனால் முள் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காது. உள்ளே மொத்தம் 26.7, அதில் 14.7 காற்றின் பங்கு. பானத்துக்குள் இறங்க வேண்டிய கரியமில வாயுவின் பங்கு 12 மட்டுமே, பாதிக்கும் குறைவு.

30 பிஎஸ்ஐ கொடுத்து, பாதுகாப்பு வால்வை இழுத்து முழுக்க வெளியேற்றுங்கள். ஒவ்வொரு முறையும் காற்று மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஐந்து தடவை செய்தால் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஆப்பிள் வாசனை பழுப்பேறிக் கெடாமல் இருக்கவும் இது வேண்டும். கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், இந்த வாயு தரையோடு தேங்கும்.

படி 5: இப்போது திருகைத் தொடலாம்

பானம் 4 டிகிரி, காற்று வெளியே, சிலிண்டர் திறப்பு. இனி 12 பிஎஸ்ஐயில் இரண்டு வாரம் விட்டுவிடுவது சோம்பேறி வழி, சுவையும் நன்றாக வரும். சைடர் இன்னும் சுருக்கென்று வேண்டுமென்றால் 15 வையுங்கள். அவசரமென்றால் 30 பிஎஸ்ஐயில் ஒரு நாள், பிறகு அழுத்தத்தை வெளியேற்றி 12க்கு இறக்கி இரண்டு நாள்.

விருந்தாளி நாளைக்கே வருகிறார் என்றால் கெக்கை மடியில் படுக்க வைத்து, கேஸ் போஸ்ட் (வாயு நுழையும் முனை) மேல் பக்கம் இருக்கும்படி, 30 பிஎஸ்ஐயில் சில நிமிடம் உருட்டுங்கள். வாயு உள்ளே போகும் சலசலப்பு காதில் கேட்கும். ரெகுலேட்டருக்கும் கெக்குக்கும் நடுவில் செக் வால்வு (ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) இல்லையென்றால் இதைச் செய்யாதீர்கள், சைடர் பின்னோக்கி ஏறிவிடும். கார்பனேஷன் கல் (வாயுவைப் பொடிக் குமிழிகளாகப் பானத்துக்குள் விடும் நுண்துளைக் குமிழ்) வைத்த மூடி எனக்குப் பிடிக்காது. கழுவுவது தொல்லை, ஒரு கெக் வைத்திருப்பவருக்குத் தேவையும் இல்லை.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்த கேள்விகள்

சிலர் கெக்கிலேயே சர்க்கரை போட்டுக் கேஸ் ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். பொட்டாசியம் சார்பேட் போட்ட சைடரில் அது நடக்காது, ஈஸ்ட் பெருகாது. சார்பேட் போடாவிட்டாலும், சர்க்கரை போட்ட கையோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் உறங்கிப்போகும். வெளியே 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள்.

ஒருவருக்கு எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை. கடைசியில் பார்த்தால் சிலிண்டரில் இருந்தது ஸ்டவுட்டுக்கான (ஒருவகைக் கருநிற பீர்) கலப்பு வாயு, 70 சதவீதம் நைட்ரஜன். படி 4இல் சொன்ன கணக்கேதான், காற்றுக்குப் பதில் நைட்ரஜன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சிலிண்டரை மாற்றும்போது லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.