கோடை விடுமுறைக்குச் சத்தமில்லாத கடற்கரை வீடு பிடிப்பது எப்படி

அமைதியான கடற்கரை வீடு என்று தேடிப் பாருங்கள், எல்லா வீடும் அமைதியானதாகத்தான் இருக்கும். ராத்திரி ஒரு மணி வரை பக்கத்தில் பாட்டுச் சத்தம் கேட்கும் என்று எந்த உரிமையாளரும் விளம்பரத்தில் எழுதப்போவதில்லை. நான் முதல் தடவை அப்படி ஒன்றை நம்பித்தான் போனேன். படத்தில் மணல், கடல், ஒரு ஊஞ்சல், கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லை. கூட்டமில்லாத மாதத்தில், வார நாளில், விடிந்தும் விடியாத நேரத்தில் எடுத்த படம் போலிருக்கிறது. நாங்கள் போனதோ விடுமுறையின் நட்டநடுச் சனிக்கிழமை. கடலுக்கு இறங்கும் பொதுப்பாதை அந்த வீட்டுச் சுவரை ஒட்டியே போகிறது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மூன்று நாளும் வருகிறவர் போகிறவர் எல்லாரும் எங்கள் சுவரில் கையை ஊன்றித்தான் செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டினார்கள்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கரைக்கு யார் வருகிறார்கள், எந்த நேரத்தில் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்று பார்க்கிறேன். கட்டில், சமையலறை, வைஃபை எல்லாம் அப்புறம்தான்.

இதற்குச் செயற்கைக்கோள் வரைபடமே பாதிக்கு மேல் போதும். முதலில் சாலை எங்கே மணலைத் தொட்டு முடிகிறது என்று தேடுங்கள், அதன் பக்கத்தில் பார்க்கிங் இருக்கிறதா என்று பாருங்கள். காரிலிருந்து குடை, நாற்காலி, ஐஸ் பெட்டி, குழந்தை என்று சுமந்துகொண்டு இறங்குகிற கூட்டம் சூடான மணலில் அதிக தூரம் நடக்காது, முதலில் கிடைக்கிற நல்ல இடத்தில் விரித்துவிடும். அதனால் பார்க்கிங்கிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் மணலில் நடக்கவேண்டிய தூரத்தில் வீடு இருந்தாலே கரை பாதி காலியாகிவிடும். ஊரை விட்டே ஓடவேண்டியதில்லை. நம்மில் நிறையப் பேர் அமைதி என்றால் ஆள் நடமாட்டமே இல்லாத பொட்டல் என்று நினைத்து, கடைக்கும் மருத்துவமனைக்கும் ஒரு மணி நேரம் ஓட்டவேண்டிய இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறோம்.

அதே வரைபடத்தில் மணலில் வரிசையாகப் படகுகள் இழுத்துப் போட்டிருப்பது தெரிந்தால், விடியலுக்கு முன்பே இன்ஜின் சத்தம் கேட்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அது அவர்கள் வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஒன்பது மணி வரை தூங்கவேண்டும் என்று போகிறவருக்கு அது ஆகாது. பக்கத்தில் பெரிய புல்வெளியும் மேடையும் உள்ள விடுதி இருந்தால் விருந்து, நிகழ்ச்சி, ஒலிபெருக்கி. வீட்டுக்குப் பின்னால் தேங்கிய நீர் இருந்தால் கொசு. வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பக்கத்து மனை காலியாக இருந்தால் அங்கே கட்டட வேலை நடக்கிறதா என்று உரிமையாளரிடம் நேரடியாகவே கேளுங்கள். செயற்கைக்கோள் படம் ஒன்றிரண்டு வருடம் பழையதாக இருக்கலாம், அதில் வெற்று மண்ணாகத் தெரிவது இப்போது மூன்றாவது மாடி கான்கிரீட் போடும் நிலையில் இருக்கக்கூடும்.

கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களையும் புரட்டிப் பார்க்கலாம். மணல் வருடா வருடம் ஒல்லியாகிக்கொண்டே வருகிறதா, கரையோரம் புதிதாகப் பாறாங்கற்கள் கொட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் அங்கே கடல் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் போகிற நேரத்தில் உட்கார மணலே இல்லாமல் போகலாம். ஓத நேரத்தையும், அதாவது கடல் நீர் ஏறி இறங்குகிற நேரத்தையும், பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளி, அதனால் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் இன்னும் மேலே ஏறும். குறுகலான கரை என்றால் உயர் ஓத நேரத்தில் எஞ்சியிருக்கிற கொஞ்ச மணலில்தான் மொத்தக் கூட்டமும் நிற்கும், உங்கள் வாசல்படி உட்பட.

ஒரு தொல்லை: ஏர்பிஎன்பி போன்ற வாடகை வீட்டுத் தளங்களில் முன்பதிவு செய்யும் வரை அநேகமாக வீட்டின் துல்லியமான இடத்தைக் காட்டாமல் வட்டமாகத் தோராயமாகத்தான் காட்டுவார்கள். கூரையின் நிறம், நீச்சல் குளத்தின் வடிவம், முற்றத்து மரம் இவற்றை வைத்து அந்த வட்டத்துக்குள் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். துப்பறியும் வேலை மாதிரி இருக்கும், எனக்கு அதில் ஒரு குஷி.

இப்போது காற்று. இதை யாரும் யோசிப்பதில்லை. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாவதால் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் பெரும்பாலும் திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். காற்று போகிற திசையில் சத்தம் நன்றாகக் கேட்கும், எதிர்த்திசையில் அமுங்கும். இதன் விளைவு என்னவென்றால், பகலில் வீட்டைப் போய்ப் பார்க்கும்போது பின்னால் இருக்கிற நெடுஞ்சாலை இருப்பதே தெரியாது. ராத்திரி படுத்த பிறகு லாரி ஒவ்வொன்றாகக் காதுக்குள் போகும். போதாததற்குத் தெளிவான இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே போகவேண்டிய சத்தத்தைக் கீழே வளைத்துவிடும், தூரத்துச் சத்தம்கூடப் பக்கத்தில் கேட்கும். ஆகவே கடலுக்கு எதிர்ப்பக்கம் வீட்டின் முதுகுக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்பது முக்கியம். சாலை, ரயில் பாதை, ஐஸ் தொழிற்சாலை, எதுவானாலும் சரி.

கடலே சத்தம்தான் என்பதையும் மறக்கக்கூடாது. சரிவு செங்குத்தாக இருக்கிற கரையில் அலை காலடியில் வந்து மொத்தமாக விழும், இரவு முழுக்க தொம் தொம் என்று அடித்துக்கொண்டே இருக்கும், குழந்தைகள் காலை நனைக்கவும் அது நல்ல இடமில்லை. தட்டையான கரையில் அலை தூரத்திலேயே உடைந்து நுரையாக வரும், சத்தம் மெல்லிய இரைச்சல்தான். விரிகுடாவின் உள்பக்கமோ பாறைத்திட்டு மறைத்த கரையோ என்றால் இன்னும் சாது. எனக்கு இரைச்சல் இருந்தால்தான் தூக்கம் வரும், என் அக்காவுக்கு அது ஒத்துவராது, அதனால் யார் கூட வருகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளில்லாத கரையில் ஒரு ஆபத்து உண்டு, உயிர்காப்பாளரும் இருக்கமாட்டார். அலைகள் உடைகிற வெள்ளை நுரை வரிசையின் நடுவே நுரையே இல்லாமல் கருத்து அமைதியாகத் தெரிகிற ஓர் இடைவெளி இருந்தால், இறங்க வசதியான இடம் என்று தோன்றும். அது பெரும்பாலும் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகிற நீரோட்டம். வலுத்தால் விநாடிக்கு இரண்டரை மீட்டர் வரை போகும், எதிர்த்து நீந்தி யாராலும் ஜெயிக்க முடியாது. மாட்டினால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்துதான் திரும்பவேண்டும், முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேட்கவேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்திலும் நீரோட்டம் இழுக்கும், அதனால் முகத்துவாரத்துப் பக்கத்து வீடு படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், கூட குழந்தைகள் வந்தால் நான் எடுக்கமாட்டேன்.

முதல் வரிசை வீடா, பின்வரிசையா? எல்லாரும் முதல் வரிசைக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். என் ஓட்டு இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசைக்கு, அதுவும் நடுவில் ஒரு மணல்மேடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், கரையில் நடக்கிற பேச்சும் பாட்டும் அந்த மேட்டில் தட்டி நின்றுவிடும். உப்புக்காற்று முதல் வரிசையில்தான் கடுமை. ஜன்னல் கீல் துருப்பிடித்து மூடாது, ஏசியின் வெளிப்பெட்டி கடகடக்கும், மின்விசிறி கிரீச்சிடும். கடலைப் பார்க்கிற பால்கனிக்காகக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு இந்தக் கச்சேரியைக் கேட்கவேண்டுமா?

உரிமையாளரிடம் அமைதியாக இருக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு ஒரே பதில்தான் வரும். பக்கத்து வீடும் வாடகைக்கு விடுவதுதானா, அதில் எத்தனை பேர் தங்கலாம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எங்கே ஓடும், படுக்கையறை எந்தப் பக்கம் என்று கேளுங்கள். என்னிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது. நாங்கள் ராத்திரி கொஞ்சம் சத்தமாகப் பாட்டுப் போட்டால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று அப்பாவி மாதிரி கேட்பேன். தாராளமாகப் போடுங்கள், இங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னால் அந்த வீடு வேண்டாம், பக்கத்து வீட்டில் தங்க வருகிறவர்களுக்கும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். முகம் சுளித்து, பத்து மணிக்கு மேல் கூடாது, எதிர்வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள் என்றால் உடனே முன்பணம் கட்டலாம்.

ரிவ்யூக்களில் ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள், நீங்கள் போகிற அதே மாதத்தில் எழுதப்பட்ட மூன்று நட்சத்திரத்தைப் படியுங்கள். கலகலப்பான இடம், நண்பர்கள் குழுவுக்கு அருமை, எல்லாமே நடக்கிற தூரத்தில் என்பதெல்லாம் நமக்கு எச்சரிக்கை. செய்வதற்கு ஒன்றுமே இல்லை, சீக்கிரம் போரடித்துவிட்டது என்று யாராவது புலம்பியிருந்தால் அதுதான் நம் வீடு.

நாள் விஷயத்தில் ஞாயிறு மாலை போய் வெள்ளி காலை கிளம்புவது மாதிரி அமைத்துக்கொண்டால் சுமாரான கரைகூட நல்ல கரையாகிவிடும். பணத்தைத் தளத்துக்கு வெளியே தனியாக அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், வீட்டுப் படத்தை ஒருமுறை படத்தேடலில் போட்டு வேறு ஊரில் வேறு பெயரில் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியில் இரண்டு வீடு மிஞ்சி முடிவெடுக்க முடியவில்லை என்றால், சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வீடியோ அழைப்பு போட்டு, போனைப் படுக்கையறை ஜன்னலோரம் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் இருக்க முடியுமா என்று இரண்டு உரிமையாளர்களிடமும் கேளுங்கள். போன தடவை ஒருவர் சாக்குப்போக்குச் சொல்லி நழுவினார், இன்னொருவர் சிரித்துக்கொண்டே வைத்தார். தூரத்தில் அலை, நடுவில் ஒரு நாய் இரண்டு தடவை குரைத்தது. நாய்க்குச் சம்மதம் என்று சொல்லி அந்த வீட்டையே எடுத்தோம்.