முழங்கால் தண்ணீர் எத்தனை கனஅடி?

எங்கள் அப்பாவிடம் தண்ணீருக்கு மூன்றே அளவுதான் உண்டு. கணுக்கால் தண்ணி, முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி. மேட்டூரில் திறந்த நீர் கல்லணை தாண்டி, வெண்ணாற்றில் பிரிந்து, கிளை கிளையாக இளைத்து எங்கள் கடைமடைக்கு வந்து சேர்ந்த அன்று, வாய்க்காலில் இறங்கி நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சொல்லுவார். ‘முழங்கால் தண்ணி’ என்றால் அம்மா நாற்றங்காலுக்கு விதை ஊறவைத்துவிடுவாள்.

நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சம்பா பருவத்தில் முழங்கால் தண்ணீர் இருந்தும் வயலுக்கு ஏறவேயில்லை. மேல்மடைக்காரர்கள் ‘தண்ணி போகுதே’ என்றார்கள். எனக்குப் போவதாகத் தெரியவில்லை. அது போகவில்லை, நின்றது. கீழே ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் கூட்டிக் காட்டியிருக்கிறது. சிவில் டிப்ளமோ படித்தவனுக்கு இது அன்றைக்குத்தான் உறைத்தது. உயரம் வேறு, ஓட்டம் வேறு. ஓட்டத்தை அளக்க இரண்டு எண் வேண்டும்: குறுக்குவெட்டுப் பரப்பு, வேகம். இரண்டையும் பெருக்கினால் கனஅடி. சதுர அடியில் பரப்பு, வினாடிக்கு இத்தனை அடி என்று வேகம். வருவது வினாடிக்கு இத்தனை கனஅடி. ஒரு கனஅடி 28.3 லிட்டர்.

தேவையான சாமான்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கும்: டேப்பு, நைலான் கயிறு, ஒரு நீள மூங்கில், நான்கு முளைக்குச்சி, ஸ்டாப்வாட்சுக்கு கைப்பேசி, எழுத ஒருவர். என்னுடன் வந்தவள் அண்ணன் மகள், ஒன்பதாம் வகுப்பு. இடுப்புக்கு மேல் ஆழம் உள்ள இடத்தில் இதைச் செய்யாதீர்கள். அங்கே பாலத்தின் மேல் நின்று அளப்பதுதான் சரி.

முதல் வேலை இடம் பார்ப்பது. பாதி வெற்றி இதில்தான். வளைவு கூடாது, பாலம், மதகு பக்கத்தில் இருக்கக் கூடாது, கரை சரிந்து கிடக்கக் கூடாது. 50 அடிக்காவது நேராக, ஒரே அகலமாக, புல் குறைவாக ஓடும் துண்டு வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் இரு கரையிலும் முளையடித்துக் கயிறு கட்டிவிடுங்கள். அவைதான் உங்கள் கோடுகள்.

இனி பரப்பு. மேல் கோடு, நடு, கீழ்க் கோடு என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முகம் 8 அடி. கயிற்றில் 2 அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சுக்கு நேராகவும் மூங்கிலை இறக்கி ஆழம் பார்த்தோம். மூங்கில் நுனியில் ஒரு டப்பா மூடியை ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் களியில் கால் அடி புதைந்து, இல்லாத ஆழத்தைக் காட்டும். மூங்கிலின் முன்பக்கம் தண்ணீர் மோதி மேலே ஏறி நிற்கும். அதைப் படிக்காமல் பக்கவாட்டில் நிற்கும் மட்டத்தைப் படியுங்கள்.

மேல் கோட்டில் கிடைத்த ஆழங்கள் 1.2, 1.6, 1.3 அடி. இரு ஓரங்களிலும் பூஜ்யம். ஓரத்தில் ஆழம் பூஜ்யமாக இருந்தால் கணக்கு மிகச் சுலபம். நடு ஆழங்களைக் கூட்டி இடைவெளியால் பெருக்கினால் போதும்: 4.1 × 2 = 8.2 சதுர அடி. நடுவில் 8.6, கீழ்க் கோட்டில் 7.8. மூன்றின் சராசரியும் 8.2.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நாங்கள் விழுந்து எழுந்தோம். டேப்பில் ‘1 அடி 6 அங்குலம்’ என்று நான் சொல்ல, அவள் 1.6 என்று எழுதினாள். ஒன்றரை அடி 1.5 அல்லவா? அங்குலத்தை 12-ஆல் வகுத்தபின்தான் புள்ளிக்குப் பின்னால் போட வேண்டும். மூன்று கோடும் முடிந்து வீட்டுக்கு வந்து கூட்டும்போதுதான் கண்டுபிடித்தோம். மேலே சொன்ன ஆழங்கள் திருத்திய பிறகு உள்ளவை. ‘சித்தப்பா, நீங்க மீட்டர்ல சொல்லியிருக்கலாம்ல?’ என்றாள். சொல்லியிருக்கலாம். ஆனால் செய்தியிலும் மதகடியிலும் பேச்சு கனஅடியில் நடக்கும்போது நான் மட்டும் மீட்டரில் பேசினால் சண்டைக்கு உதவாது.

அடுத்து வேகம். ஒரு மிதவையை விட்டு, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோடு வரை போக எத்தனை வினாடி என்று பார்ப்பதுதான் வழி. மிதவை எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கண்டிப்பு உண்டு. தெர்மோகோல் துண்டும் காய்ந்த சருகும் தண்ணீரின் வேகத்தைச் சொல்லாது, காற்றின் வேகத்தைச் சொல்லும். முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி மூடிய சின்ன பாட்டில் நல்லது. கழுத்து மட்டும் வெளியே தெரியும். ஆரஞ்சுப் பழமும் சரி. ஆடி மாதம் மதியத்தில் அளக்கவே வேண்டாம், அந்தக் காற்றில் பாட்டில்கூட ஓடும். விடிந்தவுடன் போங்கள்.

மேல் கோட்டுக்குச் சில அடி முன்னாலேயே நடு ஓட்டத்தில் விடுங்கள், கோட்டைத் தொடும்போது தண்ணீரின் வேகத்தைப் பிடித்திருக்கும். கரையில் ஒதுங்கியதையும் புல்லில் தட்டியதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். எங்களுக்குத் தேறிய ஐந்து ஓட்டங்கள்: 40, 38, 41, 39, 42 வினாடி. சராசரி 40. 50 அடியை 40-ஆல் வகுக்க, வினாடிக்கு 1.25 அடி.

இது மேற்பரப்பின் வேகம். அடியிலும் ஓரத்திலும் தண்ணீர் மண்ணில் உரசி மெதுவாகத்தான் நகரும். அதனால் ஒரு எண்ணால் குறைக்க வேண்டும். பலரும் கண்ணை மூடிக்கொண்டு 0.85 போடுகிறார்கள். எங்கள் மாதிரி ஆழமில்லாத மண் வாய்க்காலுக்கு அது அதிகம். அமெரிக்காவின் நீர்வளச் சீரமைப்புத் துறை நீர் அளவைக்கு வைத்திருக்கும் கையேட்டில் சராசரி ஆழத்துக்குத் தக்க எண் உண்டு: 1 அடி ஆழத்துக்கு 0.66, 2 அடிக்கு 0.68, 3 அடிக்கு 0.70, 6 அடிக்கு 0.76, 20 அடிக்கு மேல்தான் 0.80. எங்கள் சராசரி ஆழம், பரப்பை அகலத்தால் வகுத்தால், 1 அடியும் சொச்சமும். ஆகவே 0.66.

8.2 × 1.25 × 0.66 = 6.77. ஆறே முக்கால் கனஅடி என்று வைத்துக்கொள்ளலாம். 0.85 போட்டிருந்தால் 8.7 வந்திருக்கும். கிட்டத்தட்ட இரண்டு கனஅடி காகிதத்தில் மட்டும் ஓடியிருக்கும். இந்த முறையில் பத்துக்கு ஒன்று முன்பின் வரும், அதைத் தெரிந்துகொண்டே பேச வேண்டும். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் சொல்பவரை நம்பாதீர்கள்.

ஆறே முக்கால் கனஅடி எவ்வளவு வயலுக்குக் காணும்? மனக்கணக்குக்கு ஒரு அழகான பொருத்தம் இருக்கிறது. வினாடிக்கு ஒரு கனஅடி வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் மொத்தம் 3,600 கனஅடி. ஒரு ஏக்கரில், அதாவது எங்கள் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய மூன்று மாவில், ஓர் அங்குலம் நிறுத்த 3,630. இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம். 40 ஏக்கருக்கு இரண்டு அங்குலம் என்றால், வினாடிக்கு ஒரு கனஅடி ஓடும்போது 80 மணி நேரம். ஆறே முக்காலால் வகுத்தால் ஏறக்குறைய 12 மணி நேரம், கசிவைச் சேர்க்காமல். முறை வைக்கும்போது ‘உனக்கு ஒரு ராத்திரி, எனக்கு ஒரு பகல்’ என்பதன் அடியில் இருக்கும் கணக்கு இதுதான். செய்தியில் சொல்லும் டி.எம்.சி.யும் இதே வழிதான். 100 கோடி கனஅடி ஒரு டி.எம்.சி.; ஒரு நாளுக்கு 86,400 வினாடி; ஆக 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூர் 120 அடியில் நிரம்பினால் 93.47 டி.எம்.சி. 12,000 கனஅடி திறந்தால் நாளைக்கு ஒன்றுக்குச் சற்று மேல் இறங்குகிறது என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

வாய்க்காலில் இறங்காமல் கணக்குப் போட ஒரு சூத்திரம் உண்டு. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் பெயரில் வழங்குவது, 1889-இல் அவர் முன்வைத்தது. தூர் வாரத் திட்டம் போடுகிறவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது. அடிக் கணக்கில் இப்படி: 1.49-ஐச் சொரசொரப்பு எண்ணால் வகுத்து, பரப்பால் பெருக்கி, நீரியல் ஆரத்தின் மூன்றில் இரண்டு அடுக்கால் பெருக்கி, சரிவின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். நீரியல் ஆரம் என்றால் பயந்துவிடாதீர்கள், தண்ணீர் தொடும் மண்ணின் நீளத்தால் பரப்பை வகுப்பது. எங்களுக்கு நனையும் நீளம் 8.78 அடி, ஆரம் 0.934, மூன்றில் இரண்டு அடுக்கு 0.955.

சரிவுதான் டெல்டாவில் தொல்லை. எங்கள் துண்டில் 500 அடிக்கு 0.2 அடி இறக்கம், அதாவது 2.4 அங்குலம், 2,500-க்கு 1. தரையை அளக்காமல் தண்ணீர் மட்டத்தை அளக்க வேண்டும். கொத்தனாரின் டியூப் மட்டத்தை ஐந்து தடவை மாற்றி மாற்றி வைத்தால் வரும், ஆனால் கால் அங்குலம் பிசகலாம். வர்க்கமூலம் எடுப்பதால் அந்தப் பிசகு விடையில் பாதியாகிவிடும் என்பது ஒரு ஆறுதல். 0.0004-இன் வர்க்கமூலம் 0.02.

இப்போது சொரசொரப்பு எண். தூர் வாரிய சுத்தமான மண் வாய்க்காலுக்கு 0.025 என்று போட்டால் 9.3 கனஅடி. கொஞ்சம் புல்லுக்கு 0.035 போட்டால் 6.7. கோரையும் ஆகாயத்தாமரையும் அடைத்து 0.08 ஆனால் வெறும் 2.9. அதே மண், அதே சரிவு, அதே உயரம்! ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: 0.035 என்பதை நான் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை, பாட்டிலில் கிடைத்த ஆறே முக்காலை வைத்துத் திருப்பிக் கண்டுபிடித்தேன். அதுதான் இந்தச் சூத்திரத்தை நம் வாய்க்காலில் பயன்படுத்தும் நேர்மையான வழி. அளக்காமல் எண்ணை மட்டும் பட்டியலில் இருந்து எடுத்தால், வேண்டிய விடையை வரவழைத்துவிடலாம்.

மதகுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் ‘அண்ணே, தண்ணி குறையுதே’ என்றால், ‘ஷட்டரைத் தொடவே இல்லப்பா, அதே அரை அடிதான்’ என்பார். அவர் சொல்வது உண்மை, நான் சொல்வதும் உண்மை. அடித்திறப்பு வழியே பாயும் நீர், திறப்பின் பரப்பு × மேல்-கீழ் நீர்மட்ட வித்தியாசத்தின் வர்க்கமூலம் × 4.8. இரண்டு அடி அகலக் கதவை அரை அடி தூக்கினால் பரப்பு 1 சதுர அடி. கதவுக்கு மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் நிற்கும் மட்டம் ஓர் அடி வித்தியாசப்பட்டால் 4.8 கனஅடி. அந்த வித்தியாசம் கால் அடியாகக் குறைந்தால், கதவு அசையாமலே, 2.4. எனவே கதவின் உயரத்தை மட்டும் கேட்காமல் இரு பக்கமும் கோலை வைத்துப் பாருங்கள். கீழ்ப்பக்கத் திறப்பு தண்ணீரில் மூழ்கியிருக்கும்போதுதான் இந்த வித்தியாசக் கணக்கு.

போர்செட் தண்ணீருக்கு வி-நாட்ச் போல வசதியானது இல்லை. தகரத்தில் 90 டிகிரி வி வெட்டி, வாய்க்காலுக்குக் குறுக்கே ரசமட்டம் பார்த்து நிறுத்தி, வி-யின் கூர்முனையிலிருந்து தண்ணீர் எத்தனை செ.மீ. உயரம் என்று பார்க்க வேண்டும். அதைத் தகரத்தின் விளிம்பில் பார்க்கக் கூடாது, அங்கே தண்ணீர் குனிந்துவிடும். உயரத்தைப் போல நான்கு மடங்கு பின்தள்ளிப் பார்க்கவும். 10 செ.மீ. என்றால் வினாடிக்கு 4.4 லிட்டர், 15 என்றால் 12, 20 என்றால் 24.7. உயரம் இருமடங்கானால் நீர் ஐந்தரை மடங்குக்கு மேல்.

இதைக் கிளை வாய்க்காலில் வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கு வந்தது. தகரத்துக்குப் பின்னால் தண்ணீர் ஏறி ஏறி, பக்கத்து வரப்பை உடைத்து, ஒருவரின் நாற்றங்காலில் பாய்ந்தது. வி-நாட்சுக்குத் தண்ணீர் தகரத்தைத் தாண்டிச் சுதந்திரமாக விழ இடம் வேண்டும். விழ இடமில்லாத சமதரை எங்களுடையது. அந்த நாற்றங்காலுக்கு நான் கொடுத்த விதைநெல் கணக்கு இங்கே வேண்டாம்.

கடைசியாக, நான் இதையெல்லாம் செய்ததற்கான காரணம். ஒரே காலையில் வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுத்தோம். இடையில் எல்லா வயல் மடையும் அடைத்திருப்பதை நடந்து பார்த்துக்கொண்டோம். தலைப்பில் ஆறே முக்கால், கீழே நாலு. ஒரு பகுதி அளவைப் பிசகு, ஒரு பகுதி மண் குடிப்பது. அதற்கும் மேலே போனது எங்கே என்று கரையோரம் தேடிக்கொண்டு போனால், நண்டு வளை ஒன்று கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து பக்கத்து வடிகாலில் பாய்ந்துகொண்டிருந்தது. மேல்மடைக்காரர்களைப் பற்றி நான் பேசியதெல்லாம் அந்தக் காலையில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஒவ்வொரு தடவையும் பாட்டில் விட முடியாது. அதனால் தண்ணீர் குறைவாக, நடுத்தரமாக, நிறைய இருக்கும்போது என்று மூன்று தடவை அளந்து, பாலத்தின் சுவரில் அந்தந்த மட்டத்துக்கு நேராக கனஅடியைப் பெயிண்டில் எழுதிவிடுங்கள். பிறகு சைக்கிளில் போகும்போதே படித்துக்கொள்ளலாம். தூர் வாரிய பிறகும், கோரை மண்டிய பிறகும் அந்த எழுத்து பொய் சொல்லும், மறுபடி அளக்க வேண்டும். நாங்கள் எழுதியதன் மேல் இந்த வருடம் ஒரு காதணி விழா போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். இப்போது உளியால் கோடு வெட்டியிருக்கிறேன்.